எண்ணூற்று நாற்பது மீட்டர் கண்டம்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆபீஸில் இன்று முழுக்க ஒரே கழிப்பறை. கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா வெளிப்பக்கமா என்று, வீடு கட்டுகிறவரும் அவர் மனைவியும் என் மேசைக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். மூன்று முறை வரைந்து கொடுத்தேன். கடைசியில் இப்போதைக்குத் திரை போதும் என்று முடிவானது. பதினோரு வருஷமாகப் பிறர் வீட்டுக்குப் படம் வரைகிறேன். இன்னும் சிரிப்பு வருகிறதே, அதுவே பெரிய விஷயம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நாத்தனார் சின்னவள் வாசலிலேயே நிற்கிறாள், கையில் கடிதத்தோடு. வேலை கிடைத்துவிட்டது! பெரிய ஆஸ்பத்திரி, சீனியர் நர்ஸ் பதவி, விமானத்தில் பதினோரு மணி நேரம். ஏப்ரல் இரண்டாம் தேதி கிளம்ப வேண்டும். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். அப்புறம் இவர் வந்தார், கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அப்பாடா, இனிமே காலையில பாத்ரூம் காலியா இருக்கும்" என்றார். ஐந்து வருஷம் கூடவே இருந்த தங்கைக்கு அண்ணனின் வாழ்த்து அவ்வளவுதான்.

பாத்திரம் கழுவும்போது சின்னவள் கேட்டாள்: "அண்ணி, போறதுக்குள்ள எங்க அண்ணனைக் கண்டுபிடிச்சிருவேனா?"

அவள் அண்ணன் ஹாலில் உட்கார்ந்து சாக்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் கேட்டது அவரை அல்ல. ஆட்டத்து அண்ணனை.

காலண்டரைப் பார்த்தேன். எட்டு ஞாயிறுதான் இருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

போன வருஷ டைரியைத் தேடினால் கிடைக்கவில்லை, எனவே எனக்கே ஒரு முறை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிறுதோறும் நாலு மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர். நான் ஓர் உலகத்தைக் கற்பனை செய்து சொல்வேன், மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு ஆளாக வாழ்வார்கள். கதவைத் திறக்கிறேன், அரசனைத் திட்டுகிறேன், டிராகனோடு சண்டைக்குப் போகிறேன் என்று அவர்கள் சொல்ல, நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பல் டாக்டர் மந்திரவாதி. மாடிவீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வண்டிக்காரன். வாய் ஓயாது என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற என் கணவர் கொல்லன். சின்னவள் வில்லாளி. காணாமல் போன அண்ணனைத் தேடிக் கிளம்பியவள். தினமும் சாயங்காலம் ஜன்னலில் விளக்கு ஏற்றி வைப்பவள் என்று முதல் நாளே தன் தாளில் எழுதிக்கொடுத்தாள்.

ஐந்து வருஷம், இரண்டு ஆட்டம். அண்ணன் கிடைக்கவில்லை.

காரணம் நான்தான். முதல் ஆட்டத்தில் கடலை அவ்வளவு அகலமாகப் போட்டுவிட்டேன், பதினாலு வாரம் ஒருவரும் கப்பலை விட்டு இறங்கவில்லை. இரண்டாவதில் மலை. ஏறி முடிப்பதற்குள் மந்திரவாதியின் ரொட்டி தீர்ந்து, ரேடியோவுக்கு நிஜமாகவே வேலைநேரம் மாறி, ஆட்டம் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் அண்ணன் இன்னும் ஒரு நாடு தள்ளி இருந்தார். அதிலும் ஆட்டத்துக்கு நடுவில் நான் அந்த மலையை இரண்டு முறை நகர்த்தி வைத்தேன். அன்றைக்குத்தான் சட்டம் போட்டார்கள்: ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் வைத்த தாள் அதற்கப்புறம் மாறாது. அழகான எழுத்தில் அட்டையில் எழுதியது நான், கையெழுத்துப் போட்டது ஐந்து பேர். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னை முறைக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று ஆடவில்லை. புது உலகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பேசித் தீர்த்தோம்.

டாக்டருக்கு முழு பூமி வேண்டும், இரண்டு நிலாவோடு. "அலை எப்படி வரும்னு கணக்கு போடணும்ல மேடம்?" ரேடியோவுக்கு நீளமான ஒரு சாலை. "சிஸ்டர், வளைவே இல்லாம ஒரே நேரா ஒரு ரோடு போடுங்க. வேலைநாள் பூரா வளைவுதான்." இவருக்குச் சாப்பாட்டுக்கடை பக்கத்தில் இருந்தால் போதும்.

சின்னவள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "எங்க அண்ணன் இருக்கிற அளவுக்கு இருந்தா போதும்" என்றாள்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏழு நாடு, ஒரு கடல், ஒரு கண்டம். அடுத்த ஞாயிறு வரைபடம் மேசையில்.

பிப்ரவரி 11, புதன்

எட்டாவது நாடு ஒன்று சேர்ந்துகொண்டது. நான் என்ன செய்வது, மலைக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

மேற்கிலிருந்து கிழக்குவரை குதிரையில் எண்பத்து நாலு நாள். பெரிய தாளில் ஒரு சென்டிமீட்டர் ஒரு நாள் பயணம் என்று வைத்துக்கொண்டேன், கணக்குக்குச் சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் பத்து நாள் பயணம் ஆடினால் அதிகம். வழியில் சண்டை வந்தால் அதுவும் இல்லை. ஏப்ரலுக்குள் அண்ணன் கிடைப்பாரா என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

வெட்ட வேண்டும். எதை வெட்டுவது? பாலைவனத்துக்குக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். பதினோரு மொழி இருக்கிறது, அதில் மூன்றில் எண்கள்கூட இருக்கின்றன. நாளெல்லாம் அரையடிச் சுவருக்காக அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, தாளில் ஒரு கடலை இழுத்துவிடுகிற சுகம் தனி. இதை யாரிடம் சொல்ல?

ஆனாலும் வெட்ட வேண்டும். நாளைக்கு.

பிப்ரவரி 15, ஞாயிறு

வரைபடம் முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் கேட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல சேதி கிடையாது. மருந்துக்கடைக்காரர் வீட்டிலும் ஓர் ஆட்டம் தொடங்குகிறதாம், கூப்பிட்டிருக்கிறார்களாம். "நான் இன்னும் பதில் சொல்லலை" என்றார். ரேடியோ கிரிக்கெட்டுக்குப் பேச்சை மாற்றினார். சின்னவள் எழுந்தாள். எல்லாருடைய கப்பையும் எடுத்துப்போய்க் கழுவினாள், காலியாகாத கப்பையும் சேர்த்து.

இன்னும் ஆறு ஞாயிறு.

பிப்ரவரி 18, புதன்

இவரோடு சண்டை. நல்ல சண்டை. தட்டு உடையவில்லை, அவ்வளவுதான்.

நான் மேசையில் தீவுகள் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஸ்பேனரைப் பையில் வைத்தபடியே சாதாரணமாகக் கேட்டார்: "உலகம் முடியலைன்னா அவ போகமாட்டாள்னு நினைக்கிறியா?"

என்ன பேச்சு இது? எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நானாவது எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஏதோ பண்றேன், நீங்க என்ன பண்ணீங்க, பாத்ரூம் காலி, கட்டில் காலி, டிவி ரிமோட் காலின்னு பதினஞ்சு நாளா கிண்டல், ஒரு நாளாவது அந்தப் பொண்ணுகிட்ட நேரா ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா — எல்லாம் கேட்டேன். இவர் முகம் தொங்கிப்போனது. பைக்கு ஜிப் போட்டார். அந்த ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது, அதையும் நான்தான் சரிசெய்து கொடுத்தேன்.

படுத்து யோசித்தால் இவர் சொன்னது பொய்யில்லை. அந்தத் தீவுகளை எதற்குப் போட்டேன்? அண்ணன் கிடைக்கவில்லை என்றால் கதை முடியாது, கதை முடியவில்லை என்றால்... சீ, நாற்பது வயதில் இப்படியும் ஒரு புத்தி. அவள் போகக்கூடாது என்று எனக்கு இருக்கிறது. அதை இவ்வளவு பெரிய தாளில் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

தீவுகளை அழித்துவிட்டேன். பதினேழு.

பிப்ரவரி 20, வெள்ளி

சின்னவளோடு துணி மடித்தேன். "அண்ணன் கிண்டல் பண்றது பிடிச்சிருக்கு அண்ணி. ஆனா கிண்டல் மட்டும்தான் பண்றாரு" என்றாள். போர்வையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றோம். மடிக்க மடிக்க அவள் பக்கத்துக்கே வந்து சேர்ந்தேன்.

பிப்ரவரி 21, சனி

முடிந்தது!

மேனேஜரிடம் கேட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கே இருக்கும் பெரிய பிரிண்டரிலேயே எடுத்தேன். எண்பத்து நாலு சென்டிமீட்டர் அகலம், ஐம்பத்தொன்பது உயரம், நல்ல கெட்டித் தாள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "இது எந்த லேஅவுட்?" என்றார். கண்டம் என்றேன். "கார்னர் பிளாட் எது?" என்றார்.

எட்டு நாடு, ஒரு கடல், நடுமலை, அதன்மேல் தூங்கும் டிராகன். அதன் ஒவ்வொரு செதிலும் நான் போட்டது. பஸ்ஸில் குழாய்போலச் சுருட்டிக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எண்பத்து நாலு நாளை ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமையில் எப்படி ஓட்டுவது என்பது மட்டும் பாக்கி. ஏதாவது பறக்கும் பாயைக் கொண்டுவர வேண்டியதுதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

எப்படி எழுத? வரிசையாகவே எழுதுகிறேன்.

நாலு மணிக்குத் தாளை விரித்து நாலு மூலைக்கும் நாலு கப் வைத்தேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ரேடியோவே ஒரு நிமிஷம் பேசவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் தன் இரும்பு ஸ்கேலை எடுத்துக் குனிந்து, வலது கீழ் மூலையில் இருந்த கப்பை மெல்ல நகர்த்தினார்.

"மேடம், அளவு ஒன்றுக்கு ஆயிரம்னு போட்டிருக்கு."

எங்கே?

அங்கேதான். ஆபீஸ் வரைபடங்களுக்கெல்லாம் மூலையில் தானாக அச்சாகும் கட்டம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதுத் தாள் திறந்தாலே அதுவும் கூடவே வரும். பதினோரு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, என் மூக்கு என் கண்ணுக்குத் தெரியாததுபோல அதுவும் தெரியாமல் போய்விட்டது. அளவு 1:1000. எல்லா அளவுகளும் மீட்டரில். கழிவுநீர் இணைப்பு விதிகளுக்கு உட்பட்டது.

டாக்டர் ஸ்கேலை வைத்தார். "ஒரு சென்டிமீட்டர் பத்து மீட்டர். அப்ப இந்தக் கண்டம்..." மேற்கிலிருந்து கிழக்குவரை அளந்தார். அந்த மனிதர் பல்லைக்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார். "எண்ணூத்தி நாப்பது மீட்டர்."

"பாலைவனம்?" என்றார் இவர்.

"நாப்பது மீட்டர்."

"நம்ம பஸ் ஸ்டாப்புக்கே அதைவிட அதிகம் நடக்கணுமே!"

ரேடியோவுக்குப் பேச்சு திரும்பியது. "சிஸ்டர், நான் ரெண்டாவது கியர் போடறதுக்குள்ள நாலு நாடு போயிருமே!" டிராகன் முப்பது மீட்டர். அது தும்மினால் மூன்று தலைநகரம் காலி என்று கணக்குச் சொன்னார்.

அச்சுப் பிழை, நாளைக்கே வேறு தாள் எடுத்து வருகிறேன் என்றேன். நாலு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி ஃபிரிட்ஜைப் பார்த்தார்கள்.

மேசைமேல் வைத்த தாள் மாறாது. என் கையெழுத்து, என் அழகான எழுத்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எத்தனை ராத்திரி! காற்று, மழை, பதினோரு மொழி, எல்லாம் ஒரு தெருவுக்குள்ளா? குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், டைரிதானே.

வெளியே சிரிப்புச் சத்தம். குழாயை மூடிக் கேட்டேன். நான் இல்லாமலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "ஏய் வடக்கு ராஜா! உன் வீட்டுப் புகை என் நாட்டுக்குள்ள வருது, படையெடுக்கவா?" இது ரேடியோ. "துணியைக் காயப்போட்டுட்டு வர்றேன், இரு!" இது இவர். டாக்டர் மூன்றாம் நாட்டு அரசராக, எல்லையில் உட்காரும் காக்காவுக்கு வரி கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வெளியே வந்தபோது சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அப்ப எங்க அண்ணன் இந்த எண்ணூத்தி நாப்பது மீட்டருக்குள்ளதானே இருக்கணும்?"

ஆமாம். வேறு எங்கே இருக்க முடியும்?

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று ஆபீஸிலிருந்து வந்ததும் நடந்தே பார்த்தேன். எங்கள் வாசலில் ஆரம்பித்து, ஓரடி எழுபது சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, ஆயிரத்து இருநூறு அடி. தையற்கடை, மருந்துக்கடை, சைக்கிள் நிறுத்துமிடம், பூட்டியே கிடக்கும் பச்சைக் கதவு, நாய் இருக்கும் வீடு, நாய் இருப்பதாகப் பலகை மட்டும் இருக்கும் வீடு. வழியில் அறுபத்தொரு கதவு. ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், நாலு கதவுக்குள்தான் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

எட்டு நாடு தாராளமாகக் கொள்ளும். இன்னும் இரண்டுகூட... வேண்டாம், வாயை மூடு.

தாளில் ஒரு கோடும் மாற்றவில்லை. ஆட்களைத்தான் மாற்றினேன். எட்டு அரசர்களும் தங்கள் கண்டம் மாபெரும் கண்டம் என்று நம்புகிறவர்கள். எட்டு நாட்டிலும் பள்ளிக்கூடப் புத்தகத்தில், அடுத்த நாட்டுக்குப் போக எண்பத்து நாலு நாள் ஆகும் என்று போட்டிருக்கிறது. யாரும் நடந்து பார்த்ததில்லை.

இப்படி எழுத எழுத எனக்கே சிரிப்பு. இந்த ஐந்து வருஷத்தில் உலகம் செய்யும்போது நான் சிரித்ததாக ஞாபகமே இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

அடேயப்பா, என்ன ஒரு ஆட்டம்!

நாற்பது மீட்டர் பாலைவனத்தைத் தாண்ட ஒரு ஞாயிறு முழுதும் ஆனது. தண்ணீர் இரண்டு மாதத்துக்கு வைத்திருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று எல்லை அதிகாரி பிடித்த பிடியில் நிற்கிறார். இதோ அந்தப் பக்கம் தெரிகிறதே என்றால், அது கானல் நீர் என்கிறார். டாக்டரின் மந்திரவாதி ஒன்பது படிவம் எழுதிக் கொடுத்தார். அதில் உச்ச சந்தோஷம் டாக்டருக்குத்தான். கடைசியில் தண்ணீர் பீப்பாய்களை அடுக்கினார்கள், பாலைவனத்தைவிடப் பீப்பாய் வரிசை நீளமாகிவிட்டது. பீப்பாய் மேலேயே நடந்து தாண்டினார்கள்.

மருந்துக்கடைக்காரருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். படியிறங்கும்போது டாக்டர் போகிறபோக்கில் சொன்னார்.

மார்ச் 8, ஞாயிறு

ரேடியோவின் வண்டிக்கு முன்சக்கரம் ஒரு நாட்டிலும் பின்சக்கரம் இன்னொன்றிலும் நின்றதால் இரண்டு நீதிமன்றத்தில் வழக்கு. நீதிபதி இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு கயிறு. ரேடியோ தானே வாதாடுகிறேன் என்று எழுந்தார். தண்டனை யாருக்கு என்றால், கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு.

மார்ச் 10, செவ்வாய்

சின்னவள் புதுப் பெட்டி வாங்கியிருக்கிறாள். ஆரஞ்சு நிறம். ஹாலில் அது நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறோம். இவர் அதற்கு வாடகை கேட்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

ஐந்தாவது நாட்டில் ரொட்டி சுடுகிறவள் ஒரு சேதி சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம், எட்டாவது நாட்டில், தினமும் சாயங்காலம் கூரைமேல் ஏறி உட்காருகிற ஓர் ஆள் இருக்கிறானாம். எங்கோ தூர தேசத்தில் தெரிகிற ஒரு வெளிச்சத்தைப் பார்ப்பானாம். ஐந்து வருஷமாக.

சின்னவள் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம் பார்ப்பாராம்?"

மேற்கே என்றேன். அவளுடைய வீடு மேற்கே.

தன் பழைய தாளை எடுத்து, விளக்கு என்று ஐந்து வருஷம் முன்னால் எழுதிய இடத்தைத் தேடிப் படித்தாள். டாக்டர் ஸ்கேலை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அந்த எட்டாவது நாடு, காலியாக இருக்கிறதே என்று புதன்கிழமை நான் போட்ட நாடு.

மார்ச் 22, ஞாயிறு

மலை. டிராகன் தூங்குகிறது, காலடிச் சத்தம் இல்லாமல் அதன் முதுகு ஓரமாகப் போக வேண்டும். எல்லாரும் தாண்டிவிட்டார்கள், இவர் மட்டும் பாக்கி. இவர் பகடை போட்டால் என்ன விழும் என்று ஊருக்கே தெரியும். ஒன்று விழுந்தது. கொல்லனின் சுத்தியல் நழுவி டிராகனின் மூக்கில்.

கொல்லனுக்கு அங்கேயே சமாதி. இவர் நெஞ்சில் கைவைத்து, கடைசி வசனம் மூன்று நிமிஷம் பேசிச் செத்தார். செத்த பிறகும் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார்.

ஆள் செத்தால், அடுத்த வாரம் கதை நடத்துகிறவள் கொடுக்கிற ஆளைத்தான் ஆட வேண்டும். இதுவும் அட்டையில் இருக்கிறது.

இன்னும் ஒரே ஞாயிறு.

மார்ச் 26, வியாழன்

அண்ணனாக நானே பேசுவதாகத்தான் இருந்தது. அழகாக ஒரு பக்கம் வசனமும் எழுதி வைத்திருந்தேன். இன்று காலை இவர் ஷூ போடும்போது சொல்லிவிட்டேன்: "ஞாயித்துக்கிழமை நீங்கதான் அவ அண்ணன்."

ஒரு ஷூவோடு நிமிர்ந்தார். "நான் என்ன பேசறது?"

"உங்க தங்கச்சிகிட்டப் பேசறதுக்கு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"அது இல்ல... நீ எழுதினதைக் குடு, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

கொடுக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன். (போடவில்லை. மேசை டிராயரில் இருக்கிறது. பயம் எனக்கும்தான்.)

மார்ச் 29, ஞாயிறு

நாலு மணி. எல்லாரும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். இவர் சட்டை மாற்றியிருந்தார்.

எட்டாவது நாடு, கடைசித் தெரு. கூரைமேல் ஓர் ஆள், முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான். அதுவரைக்கும்தான் நான் சொன்னேன். சின்னவள், "நான் ஏணியில ஏறி அவர் பக்கத்துல போய் உட்காரறேன்" என்றாள். சொன்னதோடு நில்லாமல் நிஜமாகவே எழுந்து போய் இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டாக்டருக்கு விதி விதிதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஞ்சு வருஷமாச்சு. தங்கையை அடையாளம் தெரியுதான்னு பகடை போடணும்" என்றார்.

இவர் பகடையைக் கையில் எடுத்தார். உருட்டினார், உள்ளங்கைக்குள்ளேயே. ரேடியோ கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று விழுந்தால் என்ன செய்வேன்?

இவர் பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதுக்கு எதுக்குங்க பகடை?" என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இவர் பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்கே மாற்றி ஞாபகம் வரும். தாளைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"அந்த வெளிச்சம் ரொம்பத் தூரம்னு சொன்னாங்க. எண்பத்தி நாலு நாள்னாங்க. நானும் நம்பிட்டேன். இவ்ளோ பக்கம்னு தெரிஞ்சிருந்தா தினமும் வந்திருப்பேன்மா."

"இப்பத் தெரிஞ்சுதுல்ல" என்றாள் சின்னவள்.

"தெரிஞ்சுது."

"ஆனா நான் கிளம்பணுமே, அண்ணா."

அவள் வில்லாளியாகப் பேசினாளா சின்னவளாகப் பேசினாளா, எனக்குத் தெரியவில்லை.

"கிளம்பு. நல்லா இரு. நீ போனா வீடு நல்லாவே இருக்காது, அதையும் சொல்லிடறேன். விளக்கை இனிமே நான் ஏத்தறேன்" என்றார் இவர். பிறகு எழுந்து போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அந்தக் குழாய் அதற்குத்தான் இருக்கிறது போல.

சின்னவள் முகம் முழுக்கக் கண்ணீரோடு சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டேன் அண்ணி" என்றாள்.

ரேடியோ அரைமணி நேரம் பேசவில்லை. இது வரலாறு.

ஏப்ரல் 2, வியாழன்

அனுப்பிவிட்டு வந்தோம். ஆரஞ்சுப் பெட்டி நின்ற இடத்தை இன்னும் சுற்றிக்கொண்டே நடக்கிறோம்.

ஏப்ரல் 3, வெள்ளி

பாத்ரூம் காலி. இவர் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாலு மணிக்கு வழக்கம்போல வந்துவிட்டார்கள். ஆடத்தான் வந்தார்களா, எங்களைப் பார்க்க வந்தார்களா தெரியவில்லை. அடுத்த உலகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று டாக்டர் ஆரம்பித்தார். இரண்டு நிலா இன்னும் அவர் மனதை விட்டுப் போகவில்லை.

அப்போது என் போனில் சின்னவளிடமிருந்து ஒரு படம். ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து, ரூல்டு தாளில் ஸ்கேல் இல்லாமல் கையால் வரைந்திருக்கிறாள். தெரு, ஆஸ்பத்திரி, துணி துவைக்கும் கடை, பெயர் தெரியாத ஒரு மரம், மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல். கோடெல்லாம் கோணல். மூலையில் என் கட்டத்தைப்போலவே ஒரு கட்டம் போட்டு எழுதியிருந்தாள்: ஒன்பதாவது நாடு. அளவு 1:1000. கழிவுநீர் இணைப்பு சரியில்லை.

ரேடியோ மாடிக்கு ஓடிப்போய்த் தன் பிரிண்டரில் எடுத்து வந்தார். நான் பழைய கண்டத்தை மேசைமேல் விரித்தேன். எட்டாவது நாட்டின் கிழக்கு எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இடம் காலியாக இருந்தது. இரண்டு தாளின் விளிம்பையும் சேர்த்து நான் டேப் போட்டேன். டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை மேசைமேல வெச்சாச்சு. இனி மாத்த முடியாது" என்றார்.

இவர் அந்த இரும்பு ஸ்கேலை வாங்கினார். எட்டாவது நாட்டில் அண்ணன் உட்கார்ந்த கூரையிலிருந்து ஒன்பதாவது நாட்டின் மூன்றாம் மாடி ஜன்னல்வரை வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"முப்பது சென்டிமீட்டர்."

"முந்நூறு மீட்டர்" என்றார் டாக்டர்.

"அவ்ளோதானா?" என்றார் இவர். மணி ஐந்துகூட ஆகவில்லை, வெளியே நல்ல வெயில். எழுந்து போய் பால்கனி விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.